பதின்மூன்றாம் நாள் வந்த கத்லா

கதவைத் திறந்தது நான்தான். திறந்திருக்கவே கூடாது.

வெளியே சலவைச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் மூங்கில் கூடை, கூடையில் வாழையிலை, இலைக்கு வெளியே ஒரு வால். சாதாரண வால் இல்லை. என் கையை அகல விரித்தால் எவ்வளவோ அவ்வளவு.

உள்ளே கூடத்தில் தாத்தாவின் பதின்மூன்றாம் நாள் சுபம் நடந்துகொண்டிருந்தது. துக்கம் கழிந்து, வடை பாயசத்தோடு இலை போட்டாயிற்று. வாத்தியார் இரண்டாவது தடவையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு முழு கத்லா மீன்!

"நான் நிமாய். மார்க்கெட்ல மீன் கடை," என்றார் வங்காளியில். "திதி இருக்காங்களா? இன்னிக்கு உங்க வீட்ல மீன் சமைக்கணுமே. மேஷோமஷாய்க்காக நானே நல்லதாப் பார்த்து எடுத்துட்டு வந்தேன்."

திதி என்றால் அக்கா. மேஷோமஷாய் என்றால், நாம் தெரிந்த பெரியவரை மாமா என்கிறோமே, அதுபோல. அந்த மேஷோமஷாய் என் தாத்தா.

நிமாய் தாவின் மேல் (தா என்றால் அண்ணா) தப்பே இல்லை. வங்காளி வீடுகளில் ஸ்ராத்தம் முடிந்ததும் ஒரு நாள் குறித்து, வீட்டார் எல்லோரும் மீன் சாப்பிட்டுத் துக்கத்தை முடிப்பார்கள். மத்ஸ்யமுகி என்று பெயர். அவர் வந்த நாள் சரி, கொண்டுவந்த மீன் சரி, காட்டிய மரியாதையும் சரி. வீடு மட்டும்தான் தப்பு.

நான் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி, கால்பந்து மைதானத்து கோல்கீப்பர் மாதிரி நின்றேன். உள்ளேயிருந்து சின்னத் தாத்தாவின் குரல் வந்தது.

"யாருடீ அது? வந்தவாளை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறே? உள்ள வரச் சொல்லேன்!"

சென்னையிலிருந்து வந்திருந்த, தாத்தாவின் ஒரே தம்பி. அவர் முந்தின நாள் சாயங்காலம் பேசிய பேச்சைத் தெரிந்துகொண்டால்தான் எனக்கு ஏன் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பது உங்களுக்குப் புரியும். அதற்கு முன்னால் தாத்தாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மடி மனிதர், மீன் பை

எங்கள் பாலிகஞ்ச் வீட்டின் மாடிப்படியைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள், தாத்தாவை மட்டும் ஏன் தொடவில்லை?" என்று கேட்டிருந்தார். தொடாமல் என்ன அம்மா? கை வரவில்லை, அவ்வளவுதான்.

தாத்தா துறைமுக ஆபீஸ் வேலைக்காகக் கும்பகோணத்திலிருந்து இந்தக் கொல்கத்தாவுக்கு வந்தவர். பாட்டி சீக்கிரமே போய்விட்டார். ஒரே பிள்ளை, என் அப்பா. அந்தப் பிள்ளைக்குத் தலைவாரி, சட்டை தேய்த்து, ரசம் வைத்து ஆளாக்கியது முழுக்கத் தாத்தாதான். ஆபீஸ் விட்டால் வீடு. ஆபீஸ் நண்பர்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டால், "ஆத்துல மாவு பொங்கி வழியும்," என்று கிளம்பிவிடுவாராம். நல்ல காலம், அந்த மாவு கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தது.

மடி, ஆசாரம் எல்லாம் கறார். காலையில் குளிக்காமல் அடுப்பைத் தொடமாட்டார். ஏகாதசிக்கு வெங்காயம் கண்ணில் படக் கூடாது. டிராமில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் மீன் பை இருந்தால் எழுந்து நின்றுகொண்டே வருவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். நான் பிறப்பதற்கு முன்னால் ஆரம்பித்தது, காலில் தெம்பு இருந்தவரைக்கும் போனார். தெம்பு போன பிறகு ரிக்ஷாவில் போனார்.

என் அம்மா மிதாலி ஷ்யாம்பஜார் வங்காளிப் பெண். அப்பாவோடு காதல் கல்யாணம். "மதராஸிப் பையனையா கட்டிக்கொண்டாய்?" என்று அவள் பிறந்த வீட்டில் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அங்கே ஒரு சதையும் ஆடவில்லை. அம்மாவும் ரோஷக்காரி. இந்த வீட்டுக்குள் காலை வைத்த அன்றே, யாரும் சொல்லாமலே மீனை விட்டுவிட்டாள். தமிழும் கற்றுக்கொண்டாள், அதுவும் தாத்தா பேசுகிற தமிழ். வாங்கோ, உக்காருங்கோ எல்லாம் அச்சு அசலாக வரும். 'ச' மட்டும் இன்றுவரை 'ஷ'தான். எங்கள் வீட்டில் ஷாம்பார்தான் கொதிக்கும்.

நான் அவள் வயிற்றில் இருந்தபோது வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையல். தாத்தாவே நின்று நடத்தினார். ஆனால் அவளுடைய பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. கீழ் வீட்டு மாமி பெருமூச்சு விட்டாராம்: "பாவம், பெற்றவள் இருந்தும் ஷாத் ஊட்ட ஆளில்லை." ஷாத் என்றால் என்ன என்று தாத்தா கேட்டார். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்படுவதை எல்லாம் தாய் வீட்டில் சமைத்துப் போடுவார்கள், மீன் தலை இல்லாத ஷாத் கிடையாது என்று அந்த மாமி விவரம் சொன்னார்.

தாத்தா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நைலான் பை. அதை உடம்பில் படாமல், பாம்பைப் பிடித்த மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். பால்கனியில் வைத்துவிட்டு நேராகக் குளிக்கப் போனார்.

அம்மா பையைத் திறந்து பார்த்தாள். கண் வெளுத்து, செவுள் கறுத்து, நாறிப்போன மீன். ஆள் புதுசு என்று எவனோ தலையில் கட்டிவிட்டான். அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

"கெட்டுப் போனதா?" என்று தாத்தா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆமா மாமா. பரவாயில்ல மாமா."

"பரவாயில்லையாவது! என்னைப் பார்த்தா அவ்வளவு அசடாவா தெரியறது?"

மறுபடியும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் இரண்டு தடவை குளித்தார்.

தயிர் சாதமும் மீன் குழம்பும்

அதற்கப்புறம் அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது. பால்கனியில் தனி ஸ்டவ், தனிப் பாத்திரம், தனி எண்ணெய் ஜாடி. மார்க்கெட்டிலிருந்து வந்து தலைமுழுகாமல் தாத்தா கூடத்துக்குள் வரமாட்டார். அவருடைய ஆசாரத்தில் ஒரு நூல் குறையவில்லை. அம்மாவின் தட்டிலும் ஒன்றும் குறையவில்லை. இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சுமந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

மழைக்காலத்தில் இலிஷ், குளிரில் கொய், மற்ற நாளில் ரூயி, கத்லா. செவுளைத் தூக்கிப் பார்த்து நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுவார். வாயில் ஒரு துண்டு வைத்தறியாத மனிதர்!

இதையெல்லாம்விடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. அம்மா பால்கனியில் மீன் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தால், தாத்தா தன் தட்டில் தயிர் சாதத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார். மூக்கு சுருங்கும். எனக்கே தெரியும், சுருங்கும். ஆனாலும் எழுந்திருக்கமாட்டார்.

"நீங்க உள்ள ஷாப்பிடுங்கோ மாமா, வாஷனை வரும்," என்பாள் அம்மா.

"வரட்டும். பொண் குழந்தை ஒண்டியா உக்காந்து சாப்பிடப்படாது."

உறவுக்காரர் யாராவது குத்திக்காட்டினால், "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறதானே?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்குமேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? எனக்கு முள் என்றால் பயம். பயத்தினால் சைவமானவள் இந்தக் கொல்கத்தாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சால்ட் லேக் ஆபீஸில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால், "வங்காளத்துக்கே அவமானம்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மீன் மார்க்கெட் பக்கமும் நான் போனதில்லை. தாத்தாவும் அந்தக் காரியத்துக்கு யாரையும் கூட அழைத்துப் போனதில்லை.

சின்னத் தாத்தா சொன்னது

தாத்தா போன பிறகு அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா அழவில்லை. எங்கே நேரம்? வந்தவர்களுக்குப் படுக்கை, வாத்தியாருக்கு வாழையிலை, அப்பாவுக்கு ஈரத்துணி என்று பம்பரமாகச் சுற்றினாள். சின்னத் தாத்தாவே, "ரகு, உன் ஆம்படையா மாதிரி நம்மாத்துப் பொண்கள்கூடப் பண்ணமாட்டா," என்று அப்பாவிடம் சொன்னார். கெட்டவர் இல்லை அவர். அண்ணனின் செருப்பைப் பார்த்துவிட்டு விக்கி விக்கி அழுதவர்.

அவரேதான் பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மிதாலி, தப்பா எடுத்துக்காதே. இனிமே ஒரு வருஷம் மாசாமாசம் அண்ணாவுக்கு மாசியத் திவசம் வரும். அண்ணா வந்து போற இடம் இது. அந்தப் பழக்கம் இனிமே இந்த ஆத்துல வேண்டாமே. அவன் இருந்தான், செல்லம் குடுத்தான். போறும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஷரி ஷித்தப்பா. ஒரு வருஷம் என்ன, இனிமே எப்பவுமே வேண்டாம். வாங்கிண்டு வந்து குடுக்கறவரே போயிட்டார்."

எனக்கு உச்சி மண்டை சூடேறியது. மீனுக்காக இல்லை. தாத்தா இருந்தவரைக்கும் இந்த வீட்டில் அவள் மிதாலியாக இருந்தாள். இனி அவள் வெறும் மருமகள். சொல்வதைக் கேட்டு, விடுவதை விட்டு, ஓர் ஓரமாக வாழ வேண்டியவள். ஒரே சாயங்காலத்தில் அது முடிவாகிவிட்டது.

அப்பாவைப் பார்த்தேன். அப்பா சாதுவிலும் சாது. சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் வாயைத் திறப்பார். சித்தப்பா முன்னால் அதுவும் இல்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வாசலில் கத்லா வந்து நின்றது.

நான் செய்த மொழிபெயர்ப்பு

சின்னத் தாத்தா பொறுமை இழந்து வாசலுக்கே வந்துவிட்டார். கூடையைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அப்பா.

நிமாய் தா கூடையைப் படியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"திதி, உங்களை நேர்ல பார்த்ததில்ல. ஆனா உங்களுக்கு இலிஷ்ல எந்தப் பக்கத் துண்டு பிடிக்கும்னுகூட எனக்குத் தெரியும். மேஷோமஷாய் அப்படிச் சொல்லிச் சொல்லி வாங்குவார். என் பொண்ணுக்கு, என் பொண்ணுக்குன்னு."

"என்ன சொல்றான்?" என்றார் சின்னத் தாத்தா. அவருக்கு வங்காளி தெரியாது.

"தாத்தா தன் பொண்ணுக்குன்னு சொல்லி மீன் வாங்குவாராம்," என்றேன்.

"பொண்ணா? அண்ணாவுக்கு ஏது பொண்ணு?"

நிமாய் தா நிறுத்தவில்லை. அவர் பார்வை அப்பாவின் மொட்டைத் தலைக்குப் போனது. நேராகப் போய் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஜாமாய்பாபு, நீங்க பெரிய மனுஷன். பிள்ளை இல்லாத வீடு, மாமனாருக்கு மாப்பிள்ளையே மொட்டை போட்டு, கொள்ளி வெச்சு, எல்லாக் காரியமும் செஞ்சிருக்கார்னு மார்க்கெட் முழுக்க இதே பேச்சு. இந்தக் காலத்துல பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான்!"

என் வாழ்க்கையில் மொழிபெயர்க்க இவ்வளவு திணறியதில்லை. ஜாமாய்பாபு என்றால் அக்காவின் புருஷன். அத்தனை வருஷமும் மீன் மார்க்கெட் முழுக்க என் அப்பாவை வீட்டோடு மாப்பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது! தாத்தாவுக்கு ஒரு பெண், பெண்ணுக்குப் புருஷன். அவ்வளவுதான் குடும்பம். பிள்ளை என்று ஒருவன் இருப்பதாகத் தாத்தா அங்கே மூச்சு விட்டதே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சின்னத் தாத்தாவின் வாய் திறந்தபடி நின்றது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிமாய் தா," என்றாள் வங்காளியில், குரல் உடைந்து. "அவர் மீன் சாப்பிடமாட்டார். ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்ல. எனக்கு மட்டும்தான்."

"சாப்பிட்டதே இல்லையா?" நிமாய் தா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் தராசைவிட அவர் கண்ணுக்குத்தான் நான் பயப்படுவேன் திதி. சாப்பிடாமலா?"

"நீங்க இதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. நானும் விட்டுட்டேன். இனிமே சாப்பிடமாட்டேன்."

அவர் பதறி எழுந்தார். "சீ சீ, என்ன பேச்சு திதி! ஜாமாய்பாபு குத்துக்கல்லாட்டம் நிக்கறார். புருஷன் போனவங்கதானே மீனை விடுவாங்க? வாயால சொல்லாதீங்க, வேண்டாம்."

"இப்போ என்னவாம்?" என்றார் சின்னத் தாத்தா. குரலில் பழைய கறார் இல்லை.

"சுமங்கலி மீனை விடக் கூடாதாம். இவா வழக்கத்துல அது கைம்பெண் பண்ற காரியமாம்."

சின்னத் தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் சாமர்த்தியசாலி, இலையிலிருந்து தலையையே தூக்கவில்லை. கடைசியில் அப்பாவிடம்தான் வந்தார்.

"ஏண்டா ரகு, நீ என்னடா சொல்றே? வாயைத் திறந்து எதாவது சொல்லித் தொலையேன்!"

நிமாய் தா மறுபடியும் அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். சித்தப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து அவர் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் என்ன சொல்றது சித்தப்பா? அப்பா கணக்குல அவதான் இந்தாத்துப் பொண்ணு. நான் வந்த மாப்பிள்ளை. பொறந்தாத்துல பொண்ணு என்ன சாப்பிடணும்னு மாப்பிள்ளை எப்படிச் சொல்றது? அவர் இருந்தா என்னைக் கேட்டிருக்கவே மாட்டார்."

கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

சின்னத் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாசியத்தன்னிக்கு மட்டும் வேண்டாம்," என்றார் அம்மாவிடம். "மத்தபடி... அண்ணா பொண்ணுன்னா எனக்கும் பொண்ணுதானேம்மா. அவன் தப்பா சொல்லமாட்டான்." சொல்லிவிட்டு, மீன் இருந்த படியைச் சுற்றிக்கொண்டு, விறுவிறுவென்று உள்ளே போனார்.

அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தாத்தாவை மாமா, மாமா என்றே கூப்பிட்டுப் பழகியவள். அன்றைக்கு அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. "பாபா" என்று கத்தினாள். வங்காளத்துப் பெண்கள் பெற்ற அப்பாவைக் கூப்பிடுவது அப்படித்தான். "பாபா, பாபா" என்று தலையில் அடித்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த நாங்கள் யாரும் போகவில்லை.